உங்கள் புகார் ஐஸ்கிரீம் மீதா, ஃப்ரீசர் மீதா?

சித்திரை பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்தில் ஐஸ்கிரீம் பற்றிய தீர்ப்புகளும் பிறந்துவிடும். "அந்தக் கம்பெனி ஐஸ்கிரீமில் பாலே கிடையாது, முழுக்க எண்ணெய்." "உருகாமல் நிற்கிறது பாருங்கள், எல்லாம் கெமிக்கல்." "போன வருடம் நன்றாக இருந்தது, இப்போது தண்ணீரைக் கலந்துவிட்டார்கள்." வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் கடைவாசலில் கப்பும் கரண்டியுமாக நிற்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

அல்வா என்றால் இதே ஆட்களின் பேச்சே வேறு. நெய் கசிகிறதா, விரலில் ஒட்டுகிறதா, மெல்ல வேண்டியிருக்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்று நாலு கோணத்தில் குறை சொல்லத் தெரிந்த ஊர் இது. ஐஸ்கிரீமுக்கு மட்டும் "சூப்பர்", "சுமார்" என்ற இரண்டு சொற்களைத் தாண்டி யாரும் போவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் ஐஸ்கிரீமைப் பற்றி நாம் "ருசி சரியில்லை" என்று சொல்லும்போது, பல நேரங்களில் அது ருசியைப் பற்றிய பேச்சே இல்லை. கொழுப்பு, காற்று, பனி ஆகிய மூன்றும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைத்தான் நாக்கு சொல்கிறது. அதிலும் பனியின் நிலை, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு கடைக்காரரின் கையிலும் நம் கையிலும்தான் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஒரு கம்பெனியையோ ஒரு ஃப்ளேவரையோ மதிப்பிடுவது, பெரும்பாலும் அந்தக் கடையின் ஃப்ரீசரை மதிப்பிடுவதாகவே முடியும்.

முதலில் டப்பாவைப் படியுங்கள்

டப்பாவின் முன்பக்கத்தில் படமும் பெயரும் பெரிதாக இருக்கும். நமக்கு வேண்டியது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அங்கே "ஐஸ்கிரீம்" என்றிருக்கிறதா, "ஃப்ரோசன் டெசர்ட்" என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, வெறுமனே "ஐஸ்கிரீம்" என்று விற்கப்படும் பொருளில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். பால்கொழுப்பு என்றால் பாலிலிருந்து வரும் கொழுப்பு. வெண்ணெயிலும் நெய்யிலும் இருப்பது அதுதான். 2.5 சதவீதத்துக்கு மேல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் அது நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம். அதற்கும் கீழே என்றால் குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம். இந்த மூன்றிலும் தாவர எண்ணெய்க்கு இடமில்லை.

ஃப்ரோசன் டெசர்ட் என்பது வேறு வகை. அதில் பால்கொழுப்புக்குப் பதிலாக, முழுவதுமாகவோ ஓரளவோ, பாமாயில், தேங்காயெண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அதை லேபிளிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. "பாலே கிடையாது" என்பதும் தவறு. பால் பவுடரும் மற்ற பால் திடப்பொருள்களும் பொதுவாக அதிலும் உண்டு. மாறுவது கொழுப்பு மட்டும்தான். 2017இல் அமுலுக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் இடையே ஒரு விளம்பரம் தொடர்பாக மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் மையமும் இந்த வித்தியாசம்தான். அதற்குப் பிறகே பலர் டப்பாவைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்துவிட்டு, ஃப்ரோசன் டெசர்ட்டை விஷம் என்று சொல்லவும் தொடங்கினார்கள். அது விஷம் ஒன்றும் இல்லை. வேறொரு பொருள், அதற்கென்று தனி விலை.

நாக்குக்கு என்ன வித்தியாசம் தெரியும்? மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஒவ்வொரு கொழுப்பும் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில்தான் இளகும். பால்கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே வந்து, வாயின் வெப்பத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும். அப்படிக் கரையும்போது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் மணத்தையும் மெதுவாக விடும். விழுங்கிய பிறகும் பால்வாசனை சிறிது நேரம் தங்குவது அதனால்தான். தாவரக் கொழுப்புகளில் சில சட்டென்று இளகி, மணத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். சில முழுவதும் இளகாமல் மேலண்ணத்தில் மெழுகுப் படலமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தாலும் அந்தப் படலம் போகவில்லை என்றால், லேபிளை இன்னொரு முறை படியுங்கள்.

ஆக, முதல் கேள்வி கொழுப்பு எது, எவ்வளவு என்பது. இதற்கு விடை நாக்கைவிட லேபிளில் எளிதாகக் கிடைக்கும்.

காற்றுக்கும் காசு கொடுக்கிறோம்

டீக்கடையில் மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றி, கிளாஸ் நிறைய நுரையோடு நீட்டுவார். நுரை அடங்கியதும் பார்த்தால் டீ முக்கால் கிளாஸ்கூட இருக்காது. அதற்காக யாரும் அவரிடம் சண்டைக்குப் போவதில்லை; நுரை இல்லாத டீ நமக்குப் பிடிக்காது. ஐஸ்கிரீமில் காற்று செய்வதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், டீயின் நுரை அடங்கிவிடும், ஐஸ்கிரீமின் நுரை உறைந்து அப்படியே நின்றுவிடும்.

தொழிற்சாலையில் பால், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்த கலவையைக் குளிரவைத்துக்கொண்டே கடைவார்கள். கடையும்போது காற்றும் உள்ளே செலுத்தப்படுகிறது. அப்படிச் சேர்ந்த காற்றால் கலவையின் கொள்ளளவு எவ்வளவு கூடியது என்ற கணக்குக்கு ஓவர்ரன் என்று பெயர். ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் ஆனால் ஓவர்ரன் 100 சதவீதம்.

காற்றே இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாகிவிடும். கரண்டி இறங்காது, பல் கூசும். குல்ஃபி கடையப்படாமல், காற்று மிகக் குறைவாக, பாலைச் சுண்டக் காய்ச்சி அச்சில் ஊற்றி உறையவைப்பது. அதனால்தான் அது கெட்டியாக, கடித்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கிறது. காற்று அளவுக்கு மீறினால் ஐஸ்கிரீம் பஞ்சுபோல இருக்கும். வாயில் வைத்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

இதற்கும் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீமின் எடை குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும். கொழுப்பு குறைந்த இரண்டு வகைகளுக்கும் 475 கிராம். காற்றேற்றாத கலவை லிட்டருக்கு ஏறக்குறைய 1,100 கிராம் எடையிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சட்டப்படி சரியான டப்பாவிலேயே பாதிவரை காற்று இருக்கலாம்.

சமையலறையில் தராசு இருந்தால் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 700 மில்லி டப்பாவுக்கு 525 கிராம் விகிதத்தில் 367.5 கிராம் வர வேண்டும். முழு டப்பாவை நிறுத்து, சாப்பிட்டு முடித்துக் கழுவிய காலி டப்பாவின் எடையைக் கழித்துவிடுங்கள். 370 வந்தால் உங்களுக்குக் கிடைத்தது காற்றோட்டமான சரக்கு. 500ஐ நெருங்கினால் அடர்த்தியான சரக்கு. மில்லி கணக்கில் விலையை ஒப்பிடும் பழக்கத்தை இந்த ஒரு சோதனை மாற்றிவிடும். ஒரு டப்பா இன்னொன்றைவிட முப்பது ரூபாய் மலிவு என்று எடுப்போம். கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் விலை கூடியதாக இருக்கும்.

பனிதான் ஆட்டத்தை முடிவு செய்கிறது

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். ஐஸ்கிரீமின் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் உறைந்து பனிப்படிகங்கள் ஆகிறது. உறைந்த நீரின் ஒவ்வொரு சிறு துண்டும் ஒரு பனிப்படிகம். ஐஸ்கிரீம் வழவழப்பாக இருக்கிறதா, நறநறவென்று இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் படிகங்களின் அளவு. எவ்வளவு பனி இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பதே முக்கியம். ஒரு படிகம் ஏறத்தாழ 50 மைக்ரானுக்குக் கீழே, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் நாக்குக்குத் தனியாகத் தெரியாது. அதைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

படிகம் சிறிதாக இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் வேகமாக உறைய வேண்டும். அதற்காகத் தொழிற்சாலையில் கலவையைக் குளிர்ந்த உலோகச் சுவரில் படவிட்டு, அங்கே உறையும் மெல்லிய படலத்தைக் கத்திகள் ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருக்கும். மைனஸ் 5 டிகிரி வாக்கில், பாதித் தண்ணீர் உறைந்த நிலையில், குழைவாக வெளியே வரும். அதை டப்பாவில் நிரப்பி, மைனஸ் 30 அல்லது அதற்கும் கீழான அறையில் காற்றை வேகமாக வீசி இறுக்குவார்கள். அதன் பிறகு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்திருக்க வேண்டும்.

திருவிழாவில் வண்டியில் விற்கும் குச்சி ஐஸும் சேமியா ஐஸும் இதற்கு நேர்மாறு. அச்சில் ஊற்றி, கிளறாமல், அப்படியே உறையவிடுவார்கள். படிகங்கள் நீளமாக, பெரிதாக வளரும். கடித்தால் நொறுங்கும், உறிஞ்சினால் சாயம் போய் வெள்ளைப் பனி மிஞ்சும். அதற்கு அதுதான் அழகு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் நின்றுகொண்டு சேமியா ஐஸில் வழவழப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அவரை ஊரைவிட்டே அனுப்பிவிடலாம். ஆனால் 300 ரூபாய் டப்பாவில் அதே நறநறப்பு இருந்தால் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எப்படி வருகிறது அது? மைனஸ் 18இல்கூட ஐஸ்கிரீமில் உள்ள தண்ணீர் முழுவதும் உறைந்திருக்காது. சர்க்கரை கரைந்த ஒரு பகுதி பாகாகவே இருக்கும். ஃப்ரீசரின் குளிர் குறைந்து மைனஸ் 10க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். சின்னஞ்சிறு படிகங்கள் முதலில் கரைந்துவிடும். பெரியவை தாக்குப்பிடித்து நிற்கும். மறுபடி குளிர் கூடும்போது, கரைந்த தண்ணீர் புதிய சிறு படிகங்களாகப் பிரிவதில்லை. ஏற்கெனவே நிற்கும் பெரிய படிகங்களின் மேல்போய்ப் படிகிறது. சிறியவை மறைந்து, பெரியவை மேலும் பெரிதாகின்றன. இப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் படிகங்களின் எண்ணிக்கை குறைந்து பருமன் கூடும். இதற்கு வெப்ப அதிர்ச்சி என்று பெயர். ஒருமுறை பெரிதான படிகத்தை எந்த ஃப்ரீசராலும் மறுபடி சிறிதாக்க முடியாது. "ராத்திரி முழுவதும் ஃப்ரீசரில் வைத்தேன், சரியாகவில்லை" என்பவர்களுக்கு இதுதான் பதில்: இறுகும், ஆனால் பழைய வழவழப்பு வராது.

நம் ஊரில் இந்த அதிர்ச்சிக்கு வாய்ப்புகள் ஏராளம். கண்ணாடி மூடியைத் தள்ளித் திறக்கும் ஃப்ரீசர் கடைவாசலில், மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடத்தில் நிற்கும். பிள்ளைகள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எது வேண்டும் என்று ஐந்து நிமிடம் பஞ்சாயத்து நடத்துவார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் சுவிட்சை அணைக்கும் கடைகளும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை என்று செய்தித்தாளில் ஊர்ப்பட்டியல் வருமே, அதை ஐஸ்கிரீம் வாங்குகிறவர்களும் படிக்கலாம். உங்கள் பகுதி பட்டியலில் இருந்தால் மறுநாள் பெரிய டப்பா வாங்காதீர்கள்.

கடைக்காரர் செய்வதை நாமும் செய்கிறோம். கத்தரி வெயிலில் ஜங்ஷனில் வாங்கி, பஸ்ஸில் அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ கொண்டுபோய், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் செருகி, மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுவோம். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்கள் பலவற்றின் மேல்தட்டு மைனஸ் 18ஐ எட்டுவதே இல்லை.

ஒரே கம்பெனி, ஒரே வெண்ணிலா, டப்பாவில் அச்சடித்த தயாரிப்புத் தேதியும் ஒன்று. இரண்டு வேறு கடைகளில் வாங்கி, பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் பெயர் சொல்லாமல் இரண்டு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒன்று ஓயாமல் விற்பனை நடக்கும் பெரிய கடையில் வாங்கியது. மற்றது தெருமுனையில், ஃப்ரீசரின் உட்சுவர் முழுக்க விரற்கடைப் பருமனுக்குப் பனி பிடித்திருந்த கடையில். மதினி முதல் கிண்ணத்தை "பால்கோவா வாசனை வருகிறது, நல்ல கம்பெனி" என்றார். இரண்டாவதை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது தண்ணீர் கலந்தது, இனிப்பும் கம்மி" என்று தள்ளிவைத்தார். இரண்டும் ஒன்றே என்று டப்பாக்களைக் காட்டிய பிறகும் அவர் நம்பவில்லை. அவர் சொன்னதில் உணர்வு சரி, காரணம்தான் வேறு. பெரிய படிகங்கள் வாயில் கரையும்போது தனித் தண்ணீராகவே கரைகின்றன. வாயையும் கூடுதலாக மரத்துப்போகச் செய்கின்றன. அதனால் இனிப்பும் மணமும் மங்கித் தெரிகின்றன.

டப்பாவைத் திறந்ததும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். மூடியின் உட்புறத்திலும் மேற்பரப்பிலும் வெள்ளை ஊசிகளாகப் பனி நிற்கிறதா? ஐஸ்கிரீம் பக்கச்சுவரை விட்டு விலகிச் சுருங்கியிருக்கிறதா? மேற்பரப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, வழிந்து, அப்படியே உறைந்திருக்கிறதா? மூன்றில் எது இருந்தாலும் அது வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்த சரக்கு. அதை வைத்து ஃப்ளேவரை மதிப்பிட வேண்டாம்.

இன்னொரு நறநறப்பும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பனிப்படிகம் நாக்கில் பட்ட சில நொடிகளில் கரைந்துவிடும். கரையாமல் மணல்போலப் பல்லில் மாட்டினால் அது பால்சர்க்கரை. லாக்டோஸ் என்பார்கள், பாலில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரை அது. பால் பவுடர் அதிகம் சேர்த்த கலவை நீண்ட நாள் கிடந்தாலோ, குளிர் ஏறி இறங்கினாலோ அது தனியே படிகமாகிவிடும். கெடுதல் ஒன்றுமில்லை; ஆனால் சரக்கு பழையது என்பதற்கு நல்ல சாட்சி.

உருகாமல் நின்றால் கெமிக்கலா?

வாட்சப்பில் ஆண்டுதோறும் சுற்றும் வீடியோ: வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் வடிவம் கலையாமல் நிற்கிறது, பின்னணியில் திகில் இசை. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் நுரை. காற்றுக்குமிழிகள் வெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும். ஒன்றோடொன்று ஒட்டிய கொழுப்புத் துளிகள் அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சட்டம்போலத் தாங்கி நிற்கும். பனி உருகிய பிறகும் அந்த அமைப்பு கொஞ்ச நேரம் நிற்கத்தான் செய்யும்.

இதற்குத் துணையாக நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுகின்றன. தண்ணீரைப் பிடித்து வைத்துப் பனிப்படிகம் பெரிதாகாமல் தடுக்கும் பொருள் நிலைப்படுத்தி. லேபிளில் 412 என்று எண்ணாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறோம். அது குவார் கம், நாம் பொரியல் செய்யும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கும் மாவு. 407 என்பது காராஜினன், கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரத்தில் அதற்கான பாசியை வளர்க்கிறார்கள். 471 என்பது பால்மமாக்கி: கொழுப்பையும் தண்ணீரையும் சேர்ந்திருக்க வைப்பது. மின்தடையும் கத்தரி வெயிலும் உள்ள ஊரில் இவை இல்லாத ஐஸ்கிரீமை விற்பது கஷ்டம். கொஞ்சம் கூடிப்போனால் ஐஸ்கிரீம் கொழகொழவென்று, இழுத்தால் வரும் பதத்துக்கு ஆகிவிடும். அதைக் குறையாக எழுதுங்கள். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் குறை எழுத வேண்டாம்.

மணம் பாதி, நிறம் பாதி

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற சில சுவைகளே. மாம்பழம், பிஸ்தா, வெண்ணிலா என்று நாம் பிரித்துச் சொல்வதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் கரையும் பொருளின் ஆவி தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி மாம்பழ ஐஸ்கிரீம் சாப்பிட்டால் குளிர்ந்த இனிப்பு மட்டுமே தெரியும். விரலை எடுத்த நொடியில் மாம்பழம் வந்து நிற்கும்.

குளிர், இனிப்பையும் மணத்தையும் அமுக்கிவிடும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சர்க்கரையையும் வாசனையையும் தாராளமாகச் சேர்க்கிறார்கள். முழுக்க உருகிய ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தால் திகட்டும். அது கெட்டுப்போனதால் வந்த திகட்டல் இல்லை. முன்பும் அவ்வளவு இனிப்புத்தான், குளிர் மறைத்திருந்தது.

வெண்ணிலா என்பது ஆர்க்கிட் இனக் கொடியின் காய். விலை கூடியது. சாதாரண டப்பாக்களில் இருப்பது அந்தக் காயின் முதன்மை மணப்பொருளான வெனிலினைத் தனியாகத் தயாரித்துச் சேர்த்தது. லேபிளில் "இயற்கையை ஒத்த" மணமூட்டி என்றிருந்தால் அதற்கு அதுதான் பொருள். பிஸ்தாவின் கதை இன்னும் வேடிக்கை. கண்ணைப் பறிக்கும் பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் 102 என்ற மஞ்சளும் 133 என்ற நீலமும் சேர்ந்த சாயம். நிஜப் பிஸ்தாவை அரைத்துச் சேர்த்தால் மங்கலான, பழுப்பு கலந்த பச்சைதான் வரும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னால் பல பிஸ்தா ஐஸ்கிரீம்களைப் பாதாம் என்றே சொல்வார்கள்.

உள்ளூர்ச் சுவைகளை ருசி பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். நுங்கு, இளநீர் வழுக்கை போன்றவற்றில் தண்ணீர் அதிகம். அப்படியே போட்டால் ஐஸ்கிரீமுக்குள் சிறு கற்களாக உறைந்துவிடும். சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் போட்டால் மெதுவாக இருக்கும். ஆகவே நுங்குத் துண்டு பல்லில் எப்படி இருக்கிறது என்பதே செய்தவரின் கைத்திறனுக்குச் சாட்சி. கருப்பட்டி ஐஸ்கிரீம் மற்றதைவிடச் சீக்கிரம் இளகுவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பது போக, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகளும் கலந்திருக்கின்றன. இவை உறைநிலையை இன்னும் கீழே இழுக்கும். ஒரே ஃப்ரீசரில் வெண்ணிலா இறுகி நிற்க, கருப்பட்டி குழைந்திருப்பது இயல்பு. அதில் கருப்பட்டியின் புகைவாசனையும் மெல்லிய கரிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பழுப்பு நிறமும் கேரமல் வாசனையும் மட்டும் இருந்தால் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஏமாறக் கூடாது.

வீட்டில் ருசி பார்க்கும்போது

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதலில் வெண்ணிலாவை வாங்குங்கள். சாக்லேட்டும் பட்டர்ஸ்காட்ச்சும் குறைகளை மறைத்துவிடும். பட்டர்ஸ்காட்ச்சில் மொறுமொறுவென்று வரும் சர்க்கரைத் துணுக்குகளுக்கு நடுவே பனி நறநறத்தாலும் தெரியாது. வெண்ணிலாவில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே சாப்பிட்டால் நாக்கு மரத்துவிடும். கரண்டி சிரமமில்லாமல் இறங்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். நம் கோடையில் ஐந்து நிமிடம் தாராளம். ஓரத்திலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுங்கள், ஓரம்தான் முதலில் இளகி உறைந்திருக்கும். முதல் கரண்டியை மெல்லாமல் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே அழுத்திக் கரையவிடுங்கள். நறநறப்பு, மெழுகுப் படலம், கொழகொழப்பு மூன்றும் அப்போதுதான் பிடிபடும். இரண்டாவது கரண்டியில் மணத்தைக் கவனியுங்கள்: எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது. அடுத்த டப்பாவுக்குப் போகும் முன் சாதாரணத் தண்ணீர், முடிந்தால் வெதுவெதுப்பாக. ஐஸ் தண்ணீர் குடித்தால் மிச்சமிருக்கும் உணர்வும் போய்விடும். மெல்லிய மணமுள்ளவை முன்னால், சாக்லேட்டும் காபியும் கடைசியில்.

பிறகு ஒரு கரண்டியைத் தட்டில் வைத்து உருகவிடுங்கள். சீராக, கெட்டிப் பால்போல உருகினால் நல்லது. அடியில் தெளிந்த நீர் தனியாகப் பிரிந்து ஓடினால் கலவை பிடிப்பில்லாமல் இருக்கிறது, அல்லது வழியில் அடிபட்டிருக்கிறது.

நண்பர்களுக்கு எழுதி அனுப்பும்போது ஃப்ளேவர் பெயரோடு இவற்றையும் சேருங்கள்: ஐஸ்கிரீமா ஃப்ரோசன் டெசர்ட்டா, லிட்டருக்கு எத்தனை கிராம், தயாரிப்புத் தேதி, எந்த மாதிரிக் கடையில் வாங்கியது, திறந்தபோது மேற்பரப்பு எப்படி இருந்தது. பனி ஊசி நின்ற டப்பா என்றால் தீர்ப்பு எழுதாமல் வேறு கடையில் இன்னொன்று வாங்கிப் பாருங்கள். வாங்கும்போதே டப்பாவின் பக்கங்களை விரலால் அழுத்திப் பார்க்கலாம். குழைந்து கொடுத்தால், "அண்ணாச்சி, அடியில் இருப்பதை எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கண்ணாடி மூடிக்குக் கீழே மேல்வரிசையில் இருப்பதைவிட, அடிவரிசையில் இருப்பது எப்போதும் கூடுதல் குளிரில் இருக்கும்.